பதினான்காம் எண் நோயாளி

“பதினாலைத் தூக்கிடலாம் மச்சான்,” என்றான் மாத்திரை. “ஒரே ஆளு மொத்தக் கணக்கையும் கெடுக்குது.”

தலைவலி, சோம்பல், காதல் தோல்வி, எதுவானாலும் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வதால் அவனுக்கு அந்தப் பெயர். எம்.ஃபார்ம் இரண்டாம் பருவத்தில் கணினி அறையில் அவனுக்கும் இவனுக்கும் ஒரே மேசை. மாத்திரை ஓயாமல் பேசுவான். இவன் பேசமாட்டான். அதனால் ஒத்துப்போனது.

அன்றைய பயிற்சி, ஊசி வழியாக ஏறும் ஓர் ஆன்டிபயாடிக் உடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கணிப்பது. பக்கத்து மருத்துவமனையின் பழைய பதிவுகளிலிருந்து நாற்பது பேர். பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டிருந்தார்கள். வயது, எடை, மருந்து கொடுத்த மணி, ரத்தம் எடுத்த மணி, ரத்தத்தில் மருந்தின் அளவு. பதினைந்துக்கும் இருபதுக்கும் நடுவில் இருந்தால் கிருமி சாகும். குறைந்தால் கிருமி ஜெயிக்கும். கூடினால் சிறுநீரகம் போகும். ஐந்து மணிக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும்.

“யாரை நீக்கினாலும் காரணம் எழுதணும்,” என்று சொல்லிவிட்டுத்தான் மேடம் உட்கார்ந்திருந்தார். மழை பெய்கிறது என்றால்கூட ஆதாரம் கேட்பவர். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை ஆதாரம் என்றே அழைத்தார்கள்.

“ரத்தத்துல மருந்து நாப்பத்திரண்டு இருக்காம்,” மாத்திரை திரையைத் தட்டினான். “மத்தவங்க எல்லாம் பத்து, பதினஞ்சுன்னு ஒழுங்கா இருக்காங்க. இந்தம்மா மட்டும் மருந்துலயே குளிச்சிருக்கு.”

பேசாதவன் அந்த வரிசையைப் பார்த்தான். பெண். இருபத்தெட்டு வயது. எடை 43.6.

மற்ற எல்லோருடைய எடையும் முழு எண்கள். ஐம்பது, அறுபத்திரண்டு, எழுபது. இங்கு மட்டும் புள்ளி.

அவனுக்குத் தெரிந்த புள்ளி அது. அன்று ஆஸ்பத்திரியில் அவளால் நிற்க முடியவில்லை. “நீங்க தூக்கிட்டு ஏறுங்க, அப்புறம் உங்களைக் கழிச்சுக்கலாம்,” என்றாள் நர்ஸ். அவன் மனைவியைத் தூக்கிக்கொண்டு எடை எந்திரத்தின் மேல் ஏறினான். நூற்றுப் பதினைந்து. அவளை இறக்கிவிட்டுத் தனியாக ஏறினான். எழுபத்தொன்று புள்ளி நான்கு. “கழிச்சா நான் ஒண்ணுமே இல்லை போல,” என்று அவள் சிரித்தாள்.

பதினான்கு மாதம் ஆகிவிட்டது. இப்போது விசைப்பலகைமேல் இருந்த அவன் இரண்டு கைகளிலும் அந்த எடை வந்து உட்கார்ந்தது. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எடையும் கூடவே வந்தது.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? ஒண்ணு போட்டுக்கிறியா?”

“வேண்டாம். தூக்காதே. இரு.”

அந்த நாற்பத்திரண்டு, மருந்து தொடங்கி முப்பத்தாறாம் மணி. இரண்டாம் நாள் மாலை. ரத்தம் எடுத்த நேரம் ஆறரை என்றும், மருந்து ஏற்றிய நேரம் ஏழு என்றும் இருந்தது. முதலில் ரத்தம், பிறகு மருந்து. அதுதான் முறை. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அதே ஆறரை, அதே ஏழு. எந்த ஆஸ்பத்திரியில் கடிகாரம் இவ்வளவு சொன்னபடி கேட்கும்? அட்டவணையில் இருக்கும் மணியை எழுதிவிடுவது அங்கே வழக்கம். படிக்க வருமுன் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்த இரண்டு வருடமும் அவனே அப்படி எழுதியிருக்கிறான்.

ஆனால் அன்று லேப் ஆள் வந்தது ஏழு இருபதுக்கு. மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மறு கையில் குத்த வேண்டும். அந்தக் கை முழங்கை வரை நீலம் பாரித்திருந்தது.

“ஏங்க, இன்னொரு குத்து வேண்டாம்னு சொல்லுங்களேன்.”

அவன் சொன்னான். “நானும் ஃபார்மசிதான். ஒரு நிமிஷம் டிரிப்பை நிறுத்திட்டு இதே லைன்லயே எடுத்துக்கோங்க. முதல்ல வர்றதைக் கொட்டிடலாம்.”

“நீங்க சொன்னா சரி சார்,” என்றான் அந்த ஆள். அவனுக்கும் வேலை மிச்சம்.

மருந்து ஏறும் குழாயிலேயே எடுத்த ரத்தம். அதில் இருந்தது உடலின் அளவு அல்ல, குழாயின் அளவு. நாற்பத்திரண்டு. அந்த எண்ணை அப்போது அவன் பார்க்கவில்லை. “அளவு ரொம்ப ஜாஸ்தி, பாதியாக் குறைக்கிறோம்,” என்று டாக்டர் சொன்னபோது, நல்லவேளை, சிறுநீரகம் தப்பித்தது என்று நினைத்தான். அன்று நன்றாகத் தூங்கினான்.

திரையில் அடுத்த அளவு, இரண்டு நாள் கழித்து. ஆறு. உடனே மருந்தின் அளவைக் கூட்டியிருந்தார்கள். தொண்ணூற்றாறாம் மணியில் ஓர் ஊசி. அதோடு வரிசை முடிந்தது. அதற்குப் பிறகு அவள் உயிரோடு இருந்த ஏழு மணி நேரம் திரையில் இல்லை.

அவன் நாற்பத்திரண்டை மட்டும் அழித்துவிட்டுக் கணிப்பை ஓட்டினான். முப்பத்தாறாம் மணியில் உண்மையான அளவு ஒன்பது என்றது. பாதியாக்குவதற்கு முன்பே போதவில்லை.

“ஓ, ஆளு சரிதான், அந்த ஒரு அளவுதான் தப்பா?” மாத்திரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. “காரணம் என்ன எழுத? தெரியவில்லைன்னு போட்டாலும் அரை மார்க்தான் போகும்.”

காரணம் தெரியவில்லை. இரண்டு சொல். எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அன்று ஆஸ்பத்திரி அறையில் இருந்தது மூன்று பேர். லேப் ஆள் மறந்திருப்பான். அவள் சொல்லமாட்டாள்.

அவன் எழுதினான்: ‘மருந்து ஏறிக்கொண்டிருந்த அதே குழாயிலிருந்து ரத்தம் எடுக்கப்பட்டது. எழுதிய நேரமும் தவறு.’

மேடம் படித்தார். கண்ணாடியை இறக்கினார். “ஊகமா?”

“இல்லை மேடம்.”

“ஆதாரம் எங்க?”

“நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. அவன் சேர்க்கை விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு, திருமண நிலை என்று. அதில் ‘மனைவியை இழந்தவர்’ என்று இருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

“உட்காருப்பா,” என்றார். முதல் தடவையாக ‘ப்பா’ போட்டார். “அளவு சரியா வந்திருந்தாலும் பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாது.”

“முடியாது மேடம். பிழைச்சிருக்க மாட்டாள்னும் சொல்ல முடியாது.”

மேடம் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். “கடைசிக் கேள்வியை விட்டுடு. மார்க் போட்டுக்கிறேன்.”

கடைசிக் கேள்வி: சரியான அளவைக் கணித்து, அதன்படி கொடுத்தால் என்ன ஆகும் என்று வரைக.

“செய்றேன்,” என்றான்.

பாதியாக அல்ல, ஒன்றரை மடங்கு. எண்ணைப் போட்டுப் பொத்தானை அழுத்தினான். பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம் கோடு ஏறியது, இறங்கியது. அறுபதாம் மணியில் பதினைந்தைத் தொட்டது. அதற்குப் பிறகு கீழே வரவே இல்லை. எழுபத்திரண்டு. எண்பத்துநான்கு. தொண்ணூற்றாறு. மென்பொருளில் பத்து நாள் என்று வைத்திருந்தார்கள். கோடு மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கி வலது ஓரம் வரை போய்க்கொண்டே இருந்தது. நூற்றுப் பத்து, நூற்றைம்பது, இருநூறு.

மாத்திரை நாற்காலியை மெல்ல அருகில் இழுத்துப் போட்டான். அவன் குரல் இறங்கியிருந்தது.

“மச்சான், படம் பக்கத்தை விட்டு வெளியே போகுது. எத்தனாவது மணியோட நிறுத்தட்டும்?”

“நூத்திமூணு.”

“ரவுண்டா நூறுன்னு போட்டுடவா?”

“வேண்டாம். நூத்திமூணு.”

மாத்திரை தட்டினான். கோடு நின்றது.