குமணன்சாவடியில் இருபது நிமிஷம்

மதிவதனி இரண்டாவது மிளகாய் பஜ்ஜியைக் கடிக்க வாயைத் திறந்த நேரம் பார்த்துத்தான் போன் அதிர்ந்தது. எண்ணெய் படாத இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தாள். 'உங்களுக்குத் தெரியாத டிராக்கர் ஒன்று உங்களுடன் பயணிக்கிறது' என்று, வீட்டுக்கு வந்து பத்திரிகை வைப்பது மாதிரி அவ்வளவு மரியாதையாகச் சொன்னது போன்.

தொட்டதும் வரைபடம் விரிந்தது. அதில் ஒரு சிவப்புக் கோடு. காலையில் வீட்டில் கிளம்பி, வேலப்பன்சாவடி, வானகரம் வழியாக மண்ணூர்பேட்டையில் அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போய், மாலையில் அதே வழியாகத் திரும்பி வந்திருந்தது. கோடு முடிந்த இடம் குமணன்சாவடி சந்திப்பு. அதாவது அவள் இப்போது நின்றுகொண்டிருக்கும் பஜ்ஜிக் கடை.

பஜ்ஜியைப் பேப்பரோடு கீழே வைத்துவிட்டாள்.

அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கம்பெனி வேன் அவளை ஐந்து ஐம்பதுக்கே இறக்கிவிட்டுவிடும். வீட்டில் ஆறேகால் என்று சொல்லி வைத்திருந்தாள். இடைப்பட்ட நேரத்தில் அவள் செய்த மகா குற்றம், தனியாக நின்று மிளகாய் பஜ்ஜி தின்றதுதான். ஆண்கள் டீக்கடையில் அரை நாள் நின்றாலும் ஏன் என்று கேட்க நாதியில்லை. ஒரு பெண் ரோட்டோரம் தனியாக நின்று பஜ்ஜி தின்றால் மட்டும் நாலு பேருக்கு நாற்பது சந்தேகம் வந்துவிடுகிறது.

கல்யாணத்துக்கு முன் அவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அண்ணன் லோகேஷ் அரை மணிக்கு ஒரு தடவை போன் போட்டு "எங்க கீற?" என்று கேட்பான். பஸ்ஸில் என்றால் எந்த பஸ், எந்த நிறுத்தம் என்று அடுத்த கேள்வி வரும். உதயகுமாரைக் கட்டிக்கொண்டு இந்த எட்டு மாதத்தில் அப்படி ஒரு போன்கூட வரவில்லை. அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனிடம் அவள் சொன்னதில்லை. அந்த நிம்மதியில்தான் இந்த இருபது நிமிஷத்தையும் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது அதிலும் ஒருவன் கோடு போட்டுவிட்டான். அந்த ஒருவன் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் கொடுமை.

உதயகுமார் ஏசி மெக்கானிக். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடுகிற ஆள். பைக் சாவி தேடியே பாதி வாடிக்கையாளர்களை இழந்திருப்பான். போன மாதம்தான் ரோஷம் வந்து ஆன்லைனில் டிராக்கர் வாங்கினான். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது, வட்டமாக, வெள்ளையாக இருக்கும். போனில் தட்டினால் இருக்கும் இடத்திலிருந்து கீச்சுக் கீச்சென்று கத்தும். ஒரு பெட்டியில் இரண்டு. ஒன்று பைக் சாவியில் தொங்குகிறது. இன்னொன்று எங்கே என்று அன்றைக்கே கேட்டாள். "அது தொலஞ்சி போச்சி" என்றான். தொலைந்ததைக் கண்டுபிடிக்க வாங்கியதையே தொலைத்துவிட்டானே என்று அப்போது வயிறு குலுங்கச் சிரித்தாள்.

போனில் 'ஒலி எழுப்பு' என்றிருந்ததைத் தட்டிப் பார்த்தாள். மெட்ரோ வேலையும் பெங்களூரு பஸ்களின் ஹாரனும் சேர்ந்து அலறும் அந்தச் சந்திப்பில் இடி விழுந்தாலே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்தக் கீச்சு எங்கே கேட்கப் போகிறது? பையைத் தோளில் மாட்டி, சாப்பாட்டுக் கூடையையும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அவன் வாயாலேயே உண்மையை வரவழைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

மாடி ஏறி வீட்டுக்குள் நுழைந்தபோது உதயகுமார் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்போடு கிடந்தான்.

"இன்னா தேடுற?"

"கண்ணாடிய காணோம் மதி."

"இன்னொரு டிராக்கரு எங்க?"

கட்டிலுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது. "தொலஞ்சி போச்சின்னு சொன்னேனே."

"மாமா, வெளிய வந்து என் மூஞ்சிய பாத்து சொல்லு."

வந்தான். அவன் பொய் சொல்லும்போது காது சிவக்கும். இப்போது பழுத்த தக்காளியாக இருந்தது. அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"பாரு. காலைலருந்து நான் எங்க போனேன், எங்க நின்னேன், எல்லாம் கீது. நல்லா பாத்துக்கோ. எங்கண்ணனாச்சும் போன் போட்டு நேரா கேட்டான். நீ திருட்டுத்தனமா பின்னாலயே வர்ற!"

உதயகுமார் திருதிருவென்று விழித்தான். நீட்டிய போனைப் புறங்கையால் ஒதுக்கினான். "உன் ரூட்டு எனக்கு இன்னாத்துக்கு மதி? சத்தியமா நான் வெக்கல."

"அப்ப என் பையில தானா வந்து குந்திகிச்சா?"

கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். சீப்பு, ஊக்குகள், அடையாள அட்டை, பாதி மாத்திரை அட்டை, கம்பெனியில் கொடுத்த கையுறை என்று ஒரு குடித்தனமே கொட்டியது. வட்டமாக எதுவும் விழவில்லை. 'ஒலி எழுப்பு' என்பதை மறுபடி ஓங்கித் தட்டினாள்.

கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தது. கட்டிலிலிருந்து அல்ல, அவள் காலடியில் கிடந்த சாப்பாட்டுக் கூடையிலிருந்து.

கூடையில் இருந்தது ஒரே ஒரு சின்ன ஹாட்பாக்ஸ். எடுத்துக் கவிழ்த்தாள். அடிப்பக்கக் குழிவில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது, டேப்புக்குள்ளிருந்து கத்தியது. மூடியைத் திறந்தாள். உள்ளே எவர்சில்வர் விளிம்பில் பொடி எழுத்தில் வெட்டியிருந்தது: ப. பூங்காவனம்.

கீழ் வீட்டு பூங்காவனம் அக்காவின் ஹாட்பாக்ஸ் அது. மூன்று வாரத்துக்கு முன் அதில் இடியாப்பம் வைத்து அனுப்பினார். காலிப் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாதே, ஞாயிற்றுக்கிழமை நல்லதாக ஏதாவது செய்து போட்டுத் தரலாம் என்று மதிவதனி எடுத்து வைத்தாள். முதல் ஞாயிறு ஓவர்டைம். இரண்டாவது ஞாயிறு தூக்கம். மூன்றாவது ஞாயிறு நினைவே இல்லை. திங்கட்கிழமை அவளுடைய டிபன் பாக்ஸின் கிளிப் உடைந்தது. ஒரு நாளைக்குத்தானே என்று அக்காவின் ஹாட்பாக்ஸில் சாம்பார் சாதம் போட்டாள். சாதம் மத்தியானம் வரை சூடாக இருந்தது. அந்த ஒரு நாள் இன்று மூன்றாவது நாள்.

"இன்னொன்ன அக்காக்குத்தான் குடுத்தேன்," என்றான் உதயகுமார் மெதுவாக. "குடுக்கற பாத்திரம் ஒண்ணுகூட திரும்ப வர்லன்னு பொலம்பினாங்க. நான்தான் அவங்க போன்ல போட்டுக் குடுத்தேன். யாராண்டயும் சொல்லாத, பாத்திரத்துக்குக் காவல் போட்டுகிறேன்னு தெருவே சிரிக்கும்னு சத்தியம் வாங்கிக்கினாங்க. அது இந்த டப்பாலதான் கீதுன்னு எனக்குத் தெரியாது."

என் பின்னால் திருட்டுத்தனமாக வருகிறாயே என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவள் கையில், கீழ் வீட்டுப் பாத்திரம் கையும் களவுமாக இருந்தது.

கீச்சுச் சத்தத்தைப் பின்பற்றியபடி பூங்காவனம் மூச்சிரைக்க மாடி ஏறி வந்துவிட்டார். கையில் போன், முகத்தில் பெரிய மலர்ச்சி.

"அடி என் கண்ணு, உன்னாண்டயா கீது! ராவுல இந்தப் போன்ல எப்ப பாத்தாலும் 'உங்க வீட்லயே கீது'ன்னு காட்டுது, அத கத்த வெக்கதான் எனக்குத் தெரியல. மூணு வாரமா எங்கூட்டு சமையக்கட்ட கவுத்துப் போட்டுத் தேடிக்கினு கீறேன். மாடின்னு அதுக்குத் தெரியல பாரு!"

மதிவதனியின் முகத்தில் அசடு வழிந்தது. "சும்மா குடுக்கக் கூடாதேன்னுதான்கா வெச்சிருந்தேன். எதனா செஞ்சி போட்டுக் குடுக்கலாம்னு..."

"அட பைத்தியமே, ஒரு பிடி சக்கரை போட்டுக் குடுத்தா ஆவாதா?"

சர்க்கரை டப்பாவை எடுக்கப் போன மதிவதனி, ஹாட்பாக்ஸைக் கழுவித் துடைத்து விளிம்பு வரை சர்க்கரையை நிரப்பிவிட்டாள். நாளைக் காலை காபிக்கு வீட்டில் சர்க்கரை இல்லை. பூங்காவனம் வேண்டாம் வேண்டாம் என்றபடியே வாங்கிக்கொண்டு, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ புரிந்தவராகச் சட்டென்று இறங்கிப் போனார்.

உதயகுமார் மறுபடி கண்ணாடி தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். அவன் மனம் புண்பட்டிருந்தது. மறைக்க முயன்றான், அதுவும் அவனுக்குச் சரியாக வரவில்லை.

"என்ன அப்பிடிப்பட்ட ஆளுன்னு நெனச்சிட்டல்ல?" என்றான் கட்டிலைப் பார்த்தபடி.

"நெனச்சிட்டேன் மாமா. தப்புதான்." அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நீ ஏன் பொய் சொன்ன?"

"அக்கா சத்தியம் வாங்கிட்டாங்களே."

அவன் ஒதுக்கித் தள்ளிய போன் கட்டிலில்தான் கிடந்தது. வரைபடம் இன்னும் திறந்தே இருந்தது, சிவப்புக் கோடும் அப்படியே. எட்டிப் பார்க்கும் தூரம்தான். அவன் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அவள் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். கேட்காததால் சொல்லிவிட்டாள்.

"வேனு ஆறேகாலுக்கு வருதுன்னு சொல்றது பொய் மாமா. தினம் குமணன்சாவடில எறங்கி, இருபது நிமிஷம் நின்னு, மொளகா பஜ்ஜி துன்னுட்டுதான் வர்றேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்பிடி?"

"கல்யாணமாயி ரெண்டாவது மாசம், பூந்தமல்லில ஒரு வேலைய முடிச்சிட்டு அந்தப் பக்கமா வந்தேன். நீ பாட்டுக்கு நின்னு துன்னுகினு இருந்த. மூஞ்சில அப்பிடி ஒரு சந்தோசம். வண்டிய திருப்பிக்கினு வேற ரூட்ல வந்துட்டேன்."

"அப்ப ஏன் என்னாண்ட கேக்கல?"

"கேட்டா மறுநாளு நிக்க மாட்டல்ல?"

மதிவதனிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவன் தலைமுடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

மறுநாள் அவள் குமணன்சாவடியில் முப்பது நிமிஷம் நின்றாள்.