தும்மினால் தெரியும் பேய்

1
பதினொரு மணி நேரம், இருபது நிமிடம். ஒரு பேய் நாவலை அம்மாவுக்கு வாசித்துக்காட்ட எனக்கு ஆன நேரம். நான் பி.எஸ்சி. வேதியியல், அளக்காமல் இருக்க முடியாது. இந்தக் கதை அந்த வாசிப்பில் பிறந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆவூரில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு...’ (கொட்டவில்லை. அடித்துவிட்டேன்.)

2
அம்மா ஜெபமாலையம்மாளுக்குக் கண்புரை ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடி. பத்து நாள் படிக்கக் கூடாது. நூலகத்தில் நான் எடுத்துவந்த நாவலில், பொற்கொடி என்ற பேய் மிளகாய் மில்லில் குடியிருக்கிறது. தும்மும்போது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

“பேய்க் கதையா? பாவம்டி.” சிலுவை போட்டுக்கொண்டாள். “தும்முனா எப்படித் தெரியும்? வாசி, பாப்பம்.”

பேயை மரத்தில் அறைய மந்திரவாதி ஆணியோடு மில்லுக்குள் நுழைந்ததும் அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். “பொறு. அந்தப் புள்ள தப்பிக்கணும்னு ஒரு பத்து மணி சொல்லிக்கிறேன்.”

[இந்த அம்மாவை நீங்கள் நம்ப மாட்டீர்கள். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.]

3
பேய் தப்பி, பஸ் ஏறி, மீமிசலில் இறங்கிக் கடல் பார்க்கிறது. உப்புக்காற்றில் ஒரு தும்மல். மீன் ஏலம் போடுகிறவர் திரும்பாமலே, “நூறு வயசு இரு தாயி” என்கிறார்.

அம்மா சிரித்துக்கொண்டே கண்ணாடிக்கு அடியில் துடைத்தாள். “எழுதுன மனுசன் நல்லா இருக்கணும்டி.”

என் காது சூடானது.*

* காரணம் பிறகு. அம்மாவுக்கு முன்னால் உங்களுக்குச் சொல்வது முறையல்ல.

4
இன்று கண்ணாடி கழற்றியாயிற்று.

“புத்தகத்தக் கொடு. கடைசிய நானே ஒருதரம் படிக்கணும். ஞாயித்துக்கிழம சாமியார்ட்ட சொல்லி அவளுக்கு ஒரு பூசை வைக்கணும். பொற்கொடின்னா போதுமா, ஞானஸ்நானப் பேரு கேப்பாங்களா?”

முடிவு அ: புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லலாம். (மேசைமேல் இருக்கிறது.)

முடிவு ஆ: நான் தும்மலை அடக்கி மறைந்து... (பேய்க்குத்தான் அது.)

முடிவு இ: உண்மை. சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் ஞாயிறு கோயில் ஒலிபெருக்கியில் பொற்கொடியின் பெயர். அதன்பின் அம்மா என்ன செய்வாள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் வேலை மூன்று வாக்கியம்தான். கல்லூரியில் பெயர் கூப்பிட்டபோதுகூட நான் சத்தமாகப் பேசியதில்லை.

அம்மா அட்டையைத் தொட்டாள்.

“அம்மா, புத்தகம் அந்த ஆணியோட நிக்கிது. கடைசிப் பதினாறு பக்கத்த யாரோ கிழிச்சுட்டாங்க. பொற்கொடியக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனது நான்.”