டொக்டர் றினோவின் கன்னம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு, அதுவாகவே என் வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டு, "மச்சான், நீங்க கதை எழுதுறீங்கதானே, என்னப் பத்தியும் ஒண்ணு எழுதுங்களேன்" என்றது. "ஆனா ஒரு கண்டிஷன். அந்த மொகப் பருவ மட்டும் எடுத்துடுங்க."

சொன்னவர் றினோஸ், என் தங்கை நப்லாவின் கணவர். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வழியில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் கைட். நாற்பதைத் தாண்டிய மனிதர், இரண்டு பிள்ளைகளின் வாப்பா. முகம் மட்டும் அண்மைவரை ஓஎல் சோதனை எழுதப் போகிற பதினாறு வயதுப் பையனுடையது. பருவை எடுத்துவிட்டால் அவரைப் பற்றி எழுத என்னிடம் வேறொன்றும் கிடையாது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியுமா? கோழித் துண்டொன்றை எடுத்து அவருடைய பீங்கானில் வைத்தேன்.

2

கண்டிஷனுக்குக் கட்டுப்பட்டு முதலில் இப்படித் தொடங்கினேன்:

"றினோஸுக்கு நெடுநாளாகவே நெஞ்சில் ஒரு வலி இருந்தது. யாரிடமும் அதை அவர்..."

நெஞ்சுவலி கௌரவமான நோய். கதைகளில் அதற்கு எப்போதும் இடமுண்டு. ஆனால் நெஞ்சுவலிக்காரரை யாரும் "கல்யாணம் முடிச்சாச் சரியாயிரும்" என்று தேற்றுவதில்லை. றினோஸை அப்படித்தான் தேற்றினார்கள். கல்யாணம் முடித்தார். "புள்ள பொறந்தா ஒடம்புச் சூடு எறங்கிரும்" என்றார்கள். இரண்டு பிறந்தன. இனித் தேற்ற வழியில்லாமல் கடைசியில் வேப்பிலை சொன்னார்கள். இந்த அவமானம் நெஞ்சுவலிக்கு வராது. வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்த றினோஸ்..."

வேண்டாம். கண்ணாடி பார்க்கிற பாத்திரங்களைப் படித்துப் படித்து எனக்கே கொட்டாவி வருகிறது. தவிர, றினோஸ் கண்ணாடி பார்ப்பதில்லை. ஷேவ் எடுப்பதுகூடத் தடவித் தடவித்தான். பிளேட் எங்கேயாவது சீவிவிட்டால் வெள்ளைக் கோட்டின் கொலரில் இரத்தம் பட்டுவிடும்.

வெள்ளைக் கோட்டு! அங்கேயிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

(முதல் பிரதியில் "அவன்" என்று எழுதியிருந்தேன். நப்லா வாசித்துவிட்டு ஒவ்வொன்றையும் "அவர்" ஆக்கித் திருப்பித் தந்தாள்.)

3

அந்தத் தோட்டத்தில் கைடுகள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொள்வார்கள். வெளிநாட்டுக்காரர்கள் "டொக்டர்" என்று கூப்பிடுவார்கள். யாரும் திருத்துவதில்லை.* மிளகுக் கொடி, ஏலம், கறுவா, கொக்கோ என்று சுற்றிக் காட்டியபின் கடைசியில் ஒரு ஓலைக் கொட்டில் வரும். அங்கேதான் கிரீம் மேசை. சந்தனமும் கஸ்தூரி மஞ்சளும் தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சிய முகக் கிரீம், தோட்டத்தின் பெருமை.

மற்றக் கைடுகள் வந்தவர்களின் புறங்கையில் பூசிக் காட்டுவார்கள். டொக்டர் றினோ தன் கன்னத்திலேயே பூசிக் காட்டுவார். வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, ரகசியம் போலச் சொல்வார்: "போன மாசம் என்னப் பாத்திருக்கணும் நீங்க. இதவிட மோசம்."

பல வருஷமாக இதையே சொன்னார். வந்த குரூப்புக்கெல்லாம் போன மாசம்தான் மோசமாக இருந்தது. பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை, ஒவ்வொரு மாதமும் அதை நம்பினார். நம்பிக்கை கண்ணில் தெரியுமே, கிரீம் நன்றாக விற்றது. முதலாளி ஜுனைதீன் ஹாஜியார் அந்த மேசைக்கு வேறு ஆளை விடவேயில்லை.

* ஒருமுறை நான் கேட்டேன். "நானா சொன்னேன்? அவங்களாக் கூப்பிடுறாங்க, மச்சான். வாய்க்குப் பூட்டுப் போடவா முடியும்?" என்றார்.

4

பிறகு ஏன் மருத்துவம் தேடிப் போனார் என்று நீங்கள் கேட்கலாம். இந்த இடத்துக்கு நான் ஒரு பெரிய சம்பவத்தைக் கற்பனை செய்து பார்த்தேன். நடந்தது சிறியது. மகள் அம்றா பாடசாலையில் பெற்றோர் கூட்டம் என்றாள். "நான் வாறேன்" என்றார் றினோஸ். "வாப்பா, நீங்க வேணாம். உம்மா வரட்டும்" என்றாள். இதைச் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாத்தளையில் காசு கட்டி வைத்தியரைச் சனல் பண்ணினால் காத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரராக இருப்பார்கள். அதனால் கண்டிக்குப் போனார். தோல் வைத்தியர் நிரஞ்சனி முகத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொகத்துக்கு என்ன பூசுறீங்க?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது தொழில் பழகிய கைகளின் தவறு. றினோஸ் பையிலிருந்து கிரீம் போத்தலை எடுத்தார். மூடியைத் திறந்தார். வாய் தானாக ஓடத் தொடங்கிவிட்டது.

"இது பாத்தீங்கன்னா டொக்டர், சந்தனம், கஸ்தூரி மஞ்சள், கெமிக்கல் ஒண்ணுமே இல்ல. இப்பிடி எடுத்து, இப்பிடி வட்டமா..." தேய்த்தும் காட்டினார். "போன மாசம் என்னப் பாத்திருக்கணும் நீங்க."

(இங்கே வைத்தியரைச் சிரிக்க வைத்திருந்தேன். அழித்துவிட்டேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாராம். றினோஸுக்கு அதுதான் தாங்கவில்லை.)

"ஒரு நாளைக்கு எத்தன தடவ இப்பிடி?"

"குரூப்புக்கு ஒரு தடவ."

"சீசன்ல?"

றினோஸ் போத்தலை மூடினார்.

"உங்களுக்குப் பரு வர்ற தோல்தான். ஆனா நாள் முழுக்க எண்ணெய்யத் தேச்சு நீங்களே அத வளத்துட்டு இருக்கீங்க. மொதல்ல இத நிப்பாட்டுங்க. ராத்திரிக்கு இந்த ஜெல், கூட மாத்திரை. தொடக்கத்துல கூடின மாதிரி இருக்கும், பயந்து விட்டுடாதீங்க. வெயில்ல நிக்க வேணாம்."

5

தோட்டத்தில் "அலர்ஜி" என்று சொல்லி மேசையை விட்டார். ஹாஜியார் அவரைச் சமையல் கொட்டிலுக்கு மாற்றினார். முதல் சில வாரம் முகம் இன்னும் பழுத்தது. நப்லா மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடப் பார்த்தாள். மனிதர் விடவில்லை. மாதங்கள் போயின.

"அவருடைய முகம் பதினாலாம் பிறை போல..."

இல்லை. பரு போனது, குழிகள் இருந்தன. அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கு அம்றா தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

"இங்கயே முடிங்க நானா. அழகா இருக்கு" என்றாள் நப்லா. தங்கை சொல்வதைக் கேட்டிருந்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

6

ஆனால் ஹாஜியாருக்கும் கண் இருக்கிறதே. ஒரு நாள் றினோஸை நிறுத்தி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மாஷா அல்லாஹ் சொன்னார், போட்டோ எடுத்தார், பழைய போட்டோ ஒன்றையும் தேடிப் பிடித்தார். அடுத்த கிழமை கிரீம் மேசைக்குப் பின்னால் இரண்டு பெரிய படங்கள் தொங்கின. ஒன்றின் கீழ் "முன்", மற்றதின் கீழ் "பின்". கழுவி அயர்ன் பண்ணிய வெள்ளைக் கோட்டும் தயாராக இருந்தது.

"ஹாஜியார், இது கிரீமால போகல்ல. கிரீம நிப்பாட்டித்தான் போச்சு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ ஒரு பொய்யும் சொல்ல வேணாம். மொகத்துல பூசவும் வேணாம். படத்துக்குப் பக்கத்துல நில்லு, போதும்."

"கேட்டாங்கன்னா?"

"நிக்க ஏலாட்டிச் சொல்லு, வேற ஆளப் பாக்குறேன்."

றினோஸ் நின்றார். படம்தான் பேசியது. ஹாஜியாரை வில்லனாக்க முயன்று தோற்றுப் போனேன். நோன்புக்கு ஊருக்கே அரிசி கொடுக்கிற மனிதர் அவர். தன் கிரீமை அவரும் நம்புகிறார்.

7

பிறகு போலந்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பன், தாய், பதினாறு வயது மதிக்கத்தக்க மகள். மகள் முடியை இரண்டு கன்னத்திலும் இழுத்து விட்டிருந்தாள். ஏன் என்று றினோஸுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் இரண்டு படத்தையும் பார்த்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். மேசையிலிருந்த போத்தலைத் திறந்துகொண்டே கேட்டாள்: "டொக்டர், நீங்க போட்டது இதுதானா?"

அந்த வெள்ளிக்கிழமை றினோஸ் இதுவரைதான் சொன்னார். எழுந்து கை கழுவப் போனார். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று பின்னாலேயே போய்க் கேட்டேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "மீதிய நீங்க எழுதுங்க மச்சான். நல்லதா எழுதுங்க" என்றார்.

8

முடிவு அ: "இல்லை மகள், இதைத் தொடாதே" என்கிறார். தாய் நன்றி சொல்கிறாள். ஹாஜியார் கோட்டைக் கழற்றி வாங்குகிறார். நப்லா இதை வாசித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அடுத்த மாசம் எங்க வீட்டுக்கு அரிசி நீங்களா போடுவீங்க?" என்றாள்.

முடிவு ஆ: "ஆமா" என்கிறார். இதை எழுதினால் நீங்கள் அவரை வெறுப்பீர்கள். அம்றாவும் வளர்ந்து ஒரு நாள் வாசிப்பாள்.

முடிவு இ: திடீரென்று மழை கொட்டுகிறது, எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடு... (சீ. எழுத்தாளனுக்குத் தைரியம் இல்லாத இடத்தில்தான் மழை பெய்யும்.)

நல்லதாக நடந்திருந்தால் நல்லதாக எழுதச் சொல்லி என்னிடம் ஏன் கேட்கிறார்? எனக்குத் தெரிகிறது. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதனால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை விரல் நுனியில் கொஞ்சம் கிரீம் எடுத்துவிட்டாள். மற்றக் கையால் முடியை ஒதுக்குகிறாள். விரல் இன்னும் கன்னத்தில் படவில்லை, நான் இன்னொரு வரி எழுதினால் பட்டுவிடும். றினோஸுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வராது, என் தங்கை அவருடைய சம்பளத்தில் வாழ்கிறாள். நீங்கள் ஹாஜியாரிடம் சம்பளம் வாங்குகிறவர் இல்லை, எங்களுக்குச் சம்பந்தியும் இல்லை. அவள் பதிலுக்காகச் சுற்றிப் பார்க்கிறாள். கொட்டிலுக்குள் மிச்சம் இருப்பது நீங்கள் மட்டும்தான்.