கல்லாறு சாவடியில் கட்டுச்சோறு

மலையேறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த நாளிலிருந்து, குன்னூர் குடியிருப்போர் சங்கத் தலைவர் சிவகுருவுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. 'நாம் திறந்தவெளிச் சிறையில் வாழ்கிறோம்' என்று மைக் கிடைத்த இடமெல்லாம் முழங்கினார். உள்ளூர் வண்டிகளுக்குப் பாஸே தேவையில்லை என்பதை அவர் மனைவி ராஜகுமாரி வீட்டுக்குள் மட்டும் சொல்லிக் காட்டுவாள்.

அவர்கள் வீட்டு மாடியில் ஒரு பாலஸ்தீனத் தம்பதி குடியிருந்தார்கள். தேயிலை ஆராய்ச்சிக்கு வந்த யூசுப். நிறைமாதமாக இருந்த சல்மா. அவளுக்குக் கட்டுச்சோறு விருந்து வைக்க ராஜகுமாரி நாள் குறித்தாள். கொங்கு வழக்கப்படி பெற்றவள் வீட்டிலிருந்துதான் சோறு கட்டி வர வேண்டும். சல்மாவின் அம்மா நஜாத் வருவதோ கடவுள் கையில் இருந்தது. கடவுளுக்கும் மேலே, அவர் ஊரைவிட்டு வெளியேறக் கடக்க வேண்டிய சில ராணுவச் சாவடிகளும், ஜோர்டான் போகும் ஒரு பாலமும் இருந்தன. ராணுவம் பாலத்தை மூடியதில் ஏற்கெனவே ஒரு விமான டிக்கெட் வீணாகியிருந்தது. அம்மா வராவிட்டால் ராஜகுமாரி அக்காவே கட்டித் தரட்டும் என்று சொல்லிவிட்டு, சல்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விருந்தன்று காலையில் நஜாத் கோவையில் வந்து இறங்கியேவிட்டார். சிவகுருவின் கார் பட்டறையில் கிடந்ததால், யூசுப்பும் சிவகுருவும் ராஜகுமாரியுமாகக் கோவை டாக்ஸியில் அழைத்து வந்தார்கள். கல்லாறு சாவடியில் ஜெஸிந்தா என்ற பெண் ஊழியர் நிறுத்தி, இ-பாஸ் கேட்டார். சிவகுரு எடுத்திருக்கவில்லை; கொள்கை. இறங்கித் தொண்டையைச் செருமிக்கொண்டு, திறந்தவெளிச் சிறையை ஆரம்பித்தார்.

அதற்குள் மறுபக்கக் கதவு திறந்தது. யாரும் சொல்லாமலே நஜாத் இறங்கி, பாஸ்போர்ட்டை விரித்துப் பிடித்து, பையைத் திறந்து தரையில் வைத்துவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றார். சிவகுருவின் வாக்கியம் பாதியில் நின்றுபோனது.

"ஏனுங்க, அந்தம்மாவ வண்டில உக்காரச் சொல்லுங்க. மலைக்கு மேல பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாதுங்க, இருந்தா அத மட்டும் குடுத்துட்டுப் போகட்டும்," என்றார் ஜெஸிந்தா. "பாஸ் போன்லயே அஞ்சு நிமிசத்துல வந்துருமுங்க."

யூசுப் அரபியில் சொன்னான். நஜாத் நம்பாமல் மறுபடியும் கேட்டார். பிறகு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவருக்கு நிறுத்தவே முடியவில்லை. சாவடியில் தன்னிடம் இவ்வளவு சின்னதாக யாரும் எதையும் கேட்டதில்லை என்றாராம்.

திறந்திருந்த பையில் துணி கட்டிய ஒரு பாத்திரம் இருந்தது. திராட்சை இலையில் சுருட்டிய சோறு. பாலத்தில் இரண்டு நாள் கிடக்க நேர்ந்தால் ஆகும் என்று கட்டியதாம். அதிசயமாகச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள், மிஞ்சிப்போனதைத் தூக்கி வந்துவிட்டேன் என்று நஜாத் கூச்சப்பட்டார்.

"மிஞ்சுனதா? இதுக்குத்தானுங்க நாங்க காத்துட்டிருந்தோம்," என்றாள் ராஜகுமாரி.

மத்தியானம் சல்மாவுக்கு வளையல் பூட்டினார்கள். அந்த இலைச்சோற்றில் முதல் வாயை அவள் அம்மாவே ஊட்டினார். வழக்கம்போல நாலு வார்த்தை பேசத் தலைவர் எழுந்தார். சல்மாவைப் பார்த்தார், நஜாத்தைப் பார்த்தார்.

"அம்மா வந்து சேந்துட்டாங்க. வேறென்னங்க வேணும்?"

சொல்லிவிட்டு உட்கார்ந்து, இலைச்சோற்றுக்குக் கை நீட்டினார். சங்க வரலாற்றிலேயே அத்தனை சின்னப் பேச்சு அதற்குமுன் கிடையாது; ராஜகுமாரி அவர் தட்டில் இன்னும் இரண்டு சுருள் சேர்த்து வைத்தாள்.