வயது மணி

அக்காவின் வலது கை நடுவிரலில் ஒட்டியிருந்த மையை ஈரத்துணியால் தங்கை தேய்த்துக்கொண்டிருந்தபோது, போதகர் வாசலில் வந்து நின்று, "அம்மாவுக்கு என்ன வயசுங்க ஆச்சு?" என்று கேட்டார்.

தங்கையின் கை நின்றது. மை போகவில்லை. வருஷக்கணக்காக ஆலயப் பதிவேடுகளில் எழுதி எழுதி நகக்கண்ணுக்குள் இறங்கிவிட்ட மை அது.

கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அத்தான் யோசிக்கவே இல்லை. "எழுபத்தொண்ணு. எனக்கு எழுபத்தஞ்சு, அவ என்னைவிட நாலு வயசு சின்னவ. கணக்கு சரியா இருக்கும் ஐயா."

"சரிங்க. பதிவேட்டுல ஒரு தடவ பாத்துட்டு மணியடிக்கச் சொல்லிடறேன். இரும்புப் பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"இவகிட்டதான்" என்று அத்தான் கட்டிலைக் கைகாட்டினார். பிறகு கையை மெதுவாக இறக்கிக்கொண்டார். "வாலு, சாவி எங்கேன்னு பாரு."

வாலு என்பது தங்கைக்கு அவர் வைத்த பெயர். அவர் மாப்பிள்ளையாக வந்தபோது அவளுக்குப் பத்து வயது. இப்போது அவளுக்கே பேரன் இருக்கிறான்; பெயர் மட்டும் பெரியவளாகவில்லை.

சாவி தங்கையின் இடுப்பில்தான் இருந்தது. அக்காவின் மூச்சு நின்று வீட்டில் முதல் அழுகை கிளம்பியபோதே கொத்தை ஆணியிலிருந்து எடுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் பத்திரத்துக்கு என்று சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

"தேடி எடுத்துட்டு வரேன் ஐயா. நீங்க முன்னால போயிட்டிருங்க."

அக்காவுக்கு எழுபத்தெட்டு. இது தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவள் தங்கை ஒருத்திதான். தெரிந்த மற்ற பெரியவர்களெல்லாம் ஒவ்வொருவராக அக்காவின் கையாலேயே அடக்கப் பதிவேட்டில் ஏறி முடிந்துவிட்டார்கள்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று மாமியார் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. பெண், பையனைவிடச் சின்னவளாக இருந்தால் போதும் என்றார். பையனுக்கு இருபத்தாறு. அப்பா கூசாமல் பெண்ணுக்கு இருபத்திரண்டு என்றார். இருபத்தொன்பதை அப்படிச் சொல்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அக்காவின் ஒடிசலான உடம்பும் அப்பாவுக்குக் கைகொடுத்தது. பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆலயத்தில் விவாக அறிக்கை வாசித்தார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று அப்போதைய போதகர் சபையைப் பார்த்த ஒவ்வொரு முறையும், பத்து வயதுத் தங்கையின் தொடையைக் கிள்ளியபடியே அம்மா கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணப் பதிவேட்டிலும் சிக்கல் வரவில்லை. அந்தக் காலத்தில் வயதுக் கட்டத்தில் எண் போடமாட்டார்கள். மேஜரானவர்களுக்குப் 'பூரண வயது' என்று மட்டும் எழுதுவார்கள். ஆக, ஏடு எதுவும் பொய் சொல்லவில்லை. வாய்கள்தான் சொல்லின. அதன்பிறகு வீட்டுக்கு வந்த காகிதங்களையெல்லாம் அக்காவே பார்த்துக்கொண்டாள். அவள் விரல் வைத்த இடத்தில் அத்தான் கையெழுத்துப் போட்டார். டாக்டர் வயதைக் கேட்கப்போகிறார் என்று தெரிந்தால், தண்ணீர் வாங்கிவர அவரை வெளியே அனுப்பிவிடுவாள். அவரும் ஆயுள் முழுக்க அவளைப் 'பொடிசு' என்றே கூப்பிட்டார். "பொடிசுக்கு என்ன தெரியும், நான் உலகத்தை நாலு வருஷம் கூடப் பாத்தவன்" என்பது அவர் வழக்கமாக வாயை அடைக்கும் வாக்கியம். அக்கா அதைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

ஆலயம் தெருவுக்கு எதிர்ப்பக்கம். சின்ன ஆங்கிலிக்கன் ஆலயம், பெரிய மணி. சபையில் யாராவது இறந்தால் சவப்பெட்டி வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பு வயதுக்கு ஓர் அடியாக மணி அடிப்பார்கள். தெருவே எண்ணிப் பார்த்து, "சின்ன வயசுதான்" என்றோ "நல்லா வாழ்ந்து முடிச்சாரு" என்றோ சொல்லும். ஒரு முறை ஒரு பணக்காரரின் பிள்ளைகள் கௌரவத்துக்காக அப்பாவுக்குத் தொண்ணூறு என்று சொல்லி அடிக்க வைத்தார்கள். வெளியே நின்ற அவருடைய அண்ணன், "அப்ப எனக்கு என்னடா வயசு?" என்று கேட்டார். அடக்க ஆராதனையில் பாதிப் பேர் கைக்குட்டைக்குள் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான், குடும்பத்தார் வாய்ச்சொல்லைக் கேட்கக் கூடாது, ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துத்தான் மணி அடிக்க வேண்டும் என்று சபைக் கமிட்டி தீர்மானம் போட்டது. தீர்மானத்தை எழுதியவள் அக்கா. அவள் ஆலயத்தின் வரலாற்றை எழுதியபோதும் இப்படித்தான். கோபுரத்தையே கட்டியதாகச் சலவைக்கல் வைத்துக்கொண்ட குடும்பம் சுண்ணாம்பு அடித்ததோடு சரி என்று பழைய ஏடுகளைக் காட்டி எழுதினாள். அந்தக் குடும்பம் கொஞ்சகாலம் வேறு சபைக்குப் போய்ப் பாடியது.

தீர்மானத்தை எழுதிய அன்று தங்கை பக்கத்தில்தான் இருந்தாள். "உனக்கும் இதேதானே அக்கா?"

"எனக்கு அடிக்கும்போது கேக்க நான் இருக்கமாட்டேன்."

"அத்தான் இருந்தா?"

அக்கா மை காய்வதற்காகக் காகிதத்தின்மேல் ஊதினாள். நீண்ட நேரம் ஊதினாள்.

ஆலய அலுவலக அறையில் போதகர் காத்திருந்தார். சபைக்குப் புதியவர், இளைஞர். இரும்புப் பெட்டியைத் திறக்கத் தங்கைதான் உதவ வேண்டியிருந்தது. சாவியைப் போட்டுவிட்டு முழங்காலால் கதவை ஓர் இடி இடித்தால்தான் அது திறக்கும். உள்ளே அந்துருண்டை வாசனை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று முதுகில் எழுதிய தடித்த ஏடுகள். அவளே பழைய ஞானஸ்நான ஏட்டை இழுத்து, பக்கத்தைத் திருப்பி, வரியில் விரலை வைத்தாள். போதகர் பார்த்தார். உதடுகள் அசைந்தன. மறுபடியும் அசைந்தன.

"நான் தப்பாக் கூட்டறேனோ?"

"சரியாத்தான் கூட்டினீங்க ஐயா."

"அப்ப வீட்டுல ஐயாவைவிட…"

"மூணு வயசு மூப்பு. அவருக்குத் தெரியாது."

ஜன்னலுக்கு வெளியே கோபுர வாசலில் 'கயிறு' நின்றுகொண்டிருந்தார். மணியடிக்கிற அவருடைய உண்மைப் பெயர் சபைக்கு மறந்து நாளாகிவிட்டது. "எத்தனைங்க ஐயா?" என்று அங்கிருந்தே கத்தினார். சம்பள உயர்வு கேட்கும்போதும் அவர் குரல் அதே அளவில்தான் இருக்கும்.

"இருங்க, சொல்றேன்." போதகர் தங்கையைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "அம்மா, மணியை யாரு எண்ணிட்டிருக்கப் போறாங்க?"

"அத்தான் எண்ணுவாரு. கடிகாரம் ரிப்பேர் பண்ணிப் பிழைச்சவரு. எங்க எது அடிச்சாலும் எண்ணித்தான் மூச்சு விடுவாரு."

போதகர் ஏட்டை ஓரமாக நகர்த்தினார். "அப்படின்னா எழுபத்தொண்ணே அடிச்சிடலாம். அடக்க ஏட்டுலயும் அப்படியே எழுதிடறேன். துக்கத்துல இருக்கிற மனுஷனுக்கு இன்னொரு துக்கம் எதுக்கு? ஆண்டவர் கோவிச்சுக்கமாட்டார்."

"ஆண்டவர் கோவிக்கமாட்டாருங்க. அக்காதான்…"

போதகர் அடக்க ஏட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். பக்கம் முழுக்க அக்காவின் கையெழுத்து. கடைசி வரிக்குக் கீழே வெறும் கட்டங்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது தங்கையின் வாய்வரைக்கும் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அத்தானை நினைத்தாள். அவருக்குப் பிள்ளை இல்லை, இப்போது பொடிசும் இல்லை. இத்தனை வருஷமும் பக்கத்தில் படுத்திருந்தவளை ஒரு மணிச் சத்தம் வேறு யாரோவாக மாற்றிவிட்டால் அவருக்கு மிச்சம் என்ன?

ஆனால் அதே மேஜை முன்னால், அதே இடத்தில், தங்கை ஒரு தடவை நின்றிருக்கிறாள். அவள் மகனுக்குத் தொழிற்பயிற்சியில் இடம் கிடைத்தது; வயது சில நாள் குறைந்தது. ஞானஸ்நானச் சான்றிதழ் கொண்டுவந்தால் போதும் என்றார்கள்.

"ஒரு எண்ணை மாத்தினா வானமா இடிஞ்சு விழும்?" என்று அன்று கேட்டாள்.

"விழாது. ஆனா நாளைக்கு இன்னொருத்தி வந்து இதே இடத்துல நிப்பா. அவளுக்கு நான் என்ன சொல்றது?"

"உன் வயசைச் சொல்லு."

அக்கா ஏட்டை மூடினாள். கோபமாக மூடவில்லை, தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவதுபோல மூடினாள். அதற்குப் பிறகு இருவரும் ரொம்ப காலம் பேசிக்கொள்ளவில்லை. எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடிவிட்டுத் தனித்தனி வாசல் வழியாகப் போனார்கள். மகன் சரக்கு வண்டி ஓட்டப் போனான். இன்றைக்குக்கூட லோடை இறக்கிவிட்டுத்தான் பெரியம்மாவைப் பார்க்க வரமுடியும் என்று போன் செய்திருக்கிறான். "பெட்டியை மூடிடாதீங்கம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அக்காவுக்காக ஏழு வருஷத்தைக் கரைக்கலாம் என்றால், அவனுக்காகச் சில நாளைக் கரைத்திருக்கலாமே. அப்படியானால் அவன் ஓட்டுகிற வண்டி எதற்கு? அவர்கள் பேசாமல் இருந்த அந்த நாட்களெல்லாம் எதற்கு?

"உள்ளதை எழுதுங்க ஐயா."

குரல் கடினமாக வந்தது. அது கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. போதகர் நிமிர்ந்து பார்த்தார்.

"மணியும்?"

"மணியும்தான். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அடிக்கச் சொல்லுங்க."

அவர் எழுதினார். அவருடைய எட்டு, இடுப்பொடிந்த பூஜ்யம்போல இருந்தது. "அந்த எட்டைக் கொஞ்சம் தெளிவாப் போடுங்க ஐயா" என்றாள். அவர் அதன்மேல் இன்னொரு முறை அழுத்தி எழுதினார்.

தெருவைக் கடக்கும்போது ஓடவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. வீட்டு முற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அக்காவைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மைபட்ட விரல் மேலே தெரியும்படி கைகளைக் கோத்திருந்தார்கள். அத்தான் நாற்காலியைப் பெட்டியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போடவில்லை. யாரும் சொல்லவில்லை போலும்.

தங்கை தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"எங்க போயிட்ட? இரும்புப் பெட்டி திறந்துச்சா? முட்டியால இடிச்சியா?"

"இடிச்சேன். அத்தான், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"மணி அடிக்கும்போது நீங்க எண்ண வேண்டாம்."

"நான் எண்ணாம யார் எண்ணுறது? கயிறு கணக்குல வீக்கு. போன தடவ ஒருத்தருக்கு ரெண்டு வயசைத் தின்னுட்டான்."

"அது இல்ல அத்தான். அக்கா…"

"உஷ்! ஆரம்பிச்சுட்டான்."

முதல் அடி விழுந்தது. முற்றத்தில் பேச்சு அடங்கியது. அத்தான் இடதுகை விரல்களின் கணுக்களில் கட்டைவிரலை வைத்து எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஓர் ஆள் மெதுவாக மூச்சு விடுகிற இடைவெளி இருந்தது. கயிறு அன்று அவசரப்படவில்லை. அவருடைய பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுத்தவள் அக்கா. மணி போய்க்கொண்டே இருந்தது. அத்தானின் கட்டைவிரல் கணுக்களின் மேல் ஏறி இறங்கியது. சில அடிகளுக்கு அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. இருபத்திரண்டுக்கு லேசாகத் தலையசைத்தார். தங்கை தன் சேலை முந்தானையின் ஒரே நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு அடியிலும் நினைத்தாள். சொல்வதற்குள் அடுத்தது விழுந்தது.

எழுபத்தொன்று.

அத்தான் விரல்களை மடக்கிக் கையை மடியில் வைத்தார். "பரவாயில்லையே, சரியா அடிச்…"

மணி அடித்தது.

அவர் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒன்றுதான். "பாத்தியா? நான் சொல்லல? ஒண்ணு கூடப் போயிட்டான்."

மறுபடி அடித்தது.

"வாலு, போய் நிறுத்தச் சொல்லு. மானத்த வாங்கறான்."

தங்கை எழவில்லை. மறுபடி அடித்தது. அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையைக் கவிழ்த்துக்கொள்ளவில்லை. அவருக்காக அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கண்கள் அவளை விட்டுப் பெட்டிக்குள் போயின. அந்தச் சின்ன முகத்தில், மூடிய இமைகளில், வகிட்டு நரையில் எதையோ தேடுவதுபோல நின்றன. மடக்கிய கை தானாக விரிந்தது. கட்டைவிரல் விட்ட கணுவிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கியது.

அவருடைய வயதும் அடித்தது. அதையும் தாண்டி அடித்தது.

அத்தான் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்தார். முழங்கால் மளுக்கென்றது. யாரோ தாங்க ஓடிவந்தார்கள். அவர் தலையை மட்டும் அசைத்து அவர்களை நிறுத்தினார். எழுந்து நின்றார். பெட்டியின் தலைமாட்டில், கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, முதுகு வளையாமல் நின்றார். ஓர் அடி. பிறகு கடைசி அடி.

அதன் ரீங்காரம் ஜன்னல் கண்ணாடியில் கொஞ்ச நேரம் தங்கியிருந்தது. வெளியே தெரு முனையில் சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. பெட்டியைத் தூக்குகிறவர்கள் வாசலில் தயங்கினார்கள்.

தங்கை நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை. சட்டையின் மேல் பொத்தானைத் தடவித் தேடி, அதைப் போட்டுக்கொண்டிருந்தார்.