இரண்டும் ஒன்றுதானா?

கணினியில் இடமில்லை என்று திரை நச்சரித்துக்கொண்டே இருந்தது. இடத்தைக் காலி செய்ய ஒரு மென்பொருள் தேடியே அப்பாவின் விடுமுறை நாள் போய்விட்டது. ஒன்று, திறந்ததுமே காசு கேட்டது. இன்னொன்று இலவசம் என்று சொல்லிவிட்டு விளம்பரமாகக் கொட்டி உயிரை வாங்கியது. கடைசியில், ஒரே படம் இரண்டு தடவை இருந்தால் ஒன்றை அழிக்கும் மென்பொருளைப் பிடித்தார். அதுவும் லேசில் விடவில்லை. படங்களை ஜோடி ஜோடியாகக் காட்டி, ‘இரண்டும் ஒன்றுதானா?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கண் எரிந்தது, கழுத்து வலித்தது. “ஆமாம் சாமி, ஆளை விடு” என்று பார்க்காமலே அழுத்தித் தள்ளினார். பாதி இடம் காலியானது. கடைசி ஜோடியை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

இரட்டைப் பெண்களில் இளையவள் வந்து, சிறுவயதுப் படங்களைத் திறந்து பார்த்தாள்.

“அப்பா, ஒரே மாதிரி கவுன் போட்டு, ஒரே நாற்காலில உட்கார வச்சு, எங்களைத் தனித்தனியா எடுப்பீங்களே. இப்ப எல்லாத்துலயும் அக்கா மட்டும்தான் இருக்கா.”

“அவளைத்தானேம்மா முதல்ல எடுப்பேன். பின்னாடி எடுத்ததை அது அழிச்சிருக்கும். ரெட்டைப் பிள்ளைங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

திரையில் கடைசி ஜோடி இன்னும் காத்திருந்தது, கீழே அந்தக் கேள்வியும். அவள் அதைப் படித்தாள்.

“தெரியலைன்னுதானேப்பா உங்களைக் கேட்டிருக்கு.”