அறுபத்திரண்டு சதவீதத்துக்கான விளக்கம்

வருகை குறைந்தவர்களுக்கு எங்கள் கல்லூரியில் ஒரு படிவம் தருவார்கள். உடல்நலக் குறைவு, குடும்பத்தில் இறப்பு, விளையாட்டுப் போட்டி, பிற என்று அதில் நான்கு கட்டங்கள். நான் இரண்டாவதையும் நான்காவதையும் டிக் செய்தேன்.

"ஒண்ணுதான் போடணும்" என்றார் கிளார்க்.

"ரெண்டும் நடந்துச்சு சார்."

"அப்போ எது பெருசோ அதைப் போடு."

எது பெரியது என்று யோசித்ததில் கிளார்க்குக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. ‘காரணம்’ என்ற இடத்தில் மூன்று கோடுகள்தான் இருந்தன. அடியில் பொடி எழுத்தில் ‘கூடுதல் தாள் இணைக்கலாம்’ என்று போட்டிருந்தது. பேச்சுக்குப் போட்டிருப்பார்கள். நான் நம்பிவிட்டேன்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் ஒரே கம்பெனி. மொட்டை மாடிக்கு மேலே தீப்பெட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு அறை இருக்குமே, அதுதான் மெஷின் ரூம். லிஃப்ட் அதுவரை போகாது. இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். ஊரையெல்லாம் நின்ற இடத்திலிருந்து மேலே அனுப்புகிறவர்கள் தாங்கள் மட்டும் ஏணியில் ஏறுகிறார்கள். அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மேலே போய் மோட்டாரையும் இரும்புக் கயிற்றையும் பார்ப்பார். இன்னொருவர் கீழே கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாரும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வார். மெஷின் ரூமில் ஆணியில் ஓர் அட்டை தொங்கும். மேலே போனவர் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேலே போனவர் மட்டும்தான். அப்பாவுக்கு அது சட்டப் புத்தகத்தின் முதல் பக்கம்.

ஜனவரியில் டாக்டர் அப்பாவின் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பாதிதான் வேலை செய்கிறது, இனி ஏணி கூடாது என்றார். அப்பா வீட்டுக்கு வந்து, "கம்பெனியில கீழ் வேலை கேட்டு வாங்கிட்டேன். இனி கிரீஸ்தான் மேல போவான்" என்றார். கிரீஸ் மாமா அப்பாவின் ஜோடி. எங்களுக்கு உறவு கிடையாது. எங்கள் வீட்டுக் கதவுப் பிடி, தண்ணீர்க் குடம், அழைப்பு மணி எல்லாவற்றிலும் அவர் கைரேகை இருந்ததால் மாமா ஆனவர். அம்மா நிம்மதியானார்.

இனி என் பக்கம். எனக்கு ஒரு நண்பன். பெயர் ஸ்டாம்பு. வகுப்பில் கையெழுத்துத் தாள் சுற்றி வரும்போது, வராத பதினோரு பேருக்கும் அவரவர் கையெழுத்தை, அவரவர் பேனா நிறத்தில், அவரவர் அலட்சியத்தோடு போடக் கூடியவன். எனக்காக நாற்பது தடவையாவது போட்டிருப்பான். ஒரு தடவைகூட மாட்டியதில்லை. ஜூலை பதினேழாம் தேதி அவனுக்குக் காய்ச்சல். நன்றிக்கடன் என்று நினைத்து அவனுக்கு நான் போட்டேன். அரை மணி நேரத்தில் துறைத் தலைவர் அறையில் நின்றேன்.

அப்பாவை வரச் சொன்னார்கள். யூனிஃபார்மோடு, பையில் ஸ்பேனரோடு வந்தார். துறைத் தலைவர் சொன்னதை எல்லாம் நின்றபடியே கேட்டார். வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "கையெழுத்துன்னா நான் அங்க இருந்தேன்னு அர்த்தம். இல்லாத இடத்துல இருந்தேன்னு எழுதுறவன் கையால ஒரு வாய் டீகூட எனக்கு வேணாம்."

வீட்டில் டீ போடுவது நான்தான். அம்மா போட்டால் அது கஷாயம். மறுநாள் காலை நான் டம்ளரை நீட்டினேன். அப்பா பேப்பரை நிமிர்த்திக்கொண்டார். அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி, இரண்டு எட்டு நடந்து, தன் கையால் நீட்டினார். அப்பா வாங்கிக் குடித்தார். டீ அதே டீதான், அனுப்புநர் முகவரி மட்டும் மாறியது. இப்படி நாற்பத்து மூன்று நாள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வலது கால் கட்டியிருந்தது. இடது கால் கட்டவில்லை.

அதற்குப் பிறகு நான் டீ போடவில்லை. அம்மா கஷாயம் போட்டார். இருவரும் குடித்தோம்.

அக்டோபரில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உள்ளூர் மெஷின் ரூம் சாவிகளை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். வெளியூர்ச் சாவிகள் ஐந்து அப்பாவின் பையிலேயே இருந்தன. அவற்றைக் குடும்பத்தார் அந்தந்தக் கட்டட மேலாளரிடம் நேரில் ஒப்படைத்து ரசீது வாங்கி அனுப்ப வேண்டுமாம். ரசீதில் ஒரு கேள்வி: ‘சாவி பூட்டைத் திறக்கிறதா? ஆம் / இல்லை.’ அதாவது ஒவ்வொரு கட்டடத்திலும் ஏறித் திறந்து காட்ட வேண்டும். இறந்தவர் சாவியைக் கெடுத்துவிட்டுப் போயிருப்பாரோ என்று ஒரு சந்தேகம் போல.

மேலாளர்கள் வேலை நாளில்தான் இருப்பார்கள். "நானும் வரேன்" என்றான் ஸ்டாம்பு.

"நீயும் வந்துட்டா எனக்கு அட்டெண்டன்ஸ் யார்டா போடுறது?"

"எனக்கே யாரும் இல்ல, உனக்கு ஆள் கேக்குதா?"

படிவத்துக்கு இதுதான் நேர்மையான பதில். எனக்குக் கையெழுத்துப் போடுகிறவன் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் இருந்தான். அவனுக்கும் அறுபத்து மூன்று சதவீதம்தான். வளைவு வந்தால் வாந்தி எடுப்பான், அதனால் ஜன்னல் ஓரம் எப்போதும் அவனுக்கு.

முதல் கட்டடம் ஓர் ஆறு மாடிக் குடியிருப்பு. நான் ஏணியில் ஏறிப் பூட்டைத் திறந்தேன். திறந்தது. உள்ளே எண்ணெய் வாசம், அப்பாவின் சட்டை வாசம். ஆணியில் அட்டை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சர்வீஸ். ஜனவரி இருபத்தெட்டு: அப்பாவின் கையெழுத்து. ஏப்ரல்: அப்பாவின் கையெழுத்து. ஜூலை முதல் வாரம்: அதுவும். அக்டோபர்: யாரோ முன்பின் தெரியாதவர், மேலாளரின் மாற்றுச் சாவியில் திறந்திருப்பார்.

ஐந்து விநாடி பெருமையாக இருந்தது. ஆறாவது விநாடியில் கணக்கு உதைத்தது. ஜனவரி பத்தாம் தேதியோடு ஏணி கூடாது என்றாகிவிட்டது. கீழே ஸ்டூலில் இருந்தவர் மேலே எப்படிக் கையெழுத்துப் போட்டார்?

ஸ்டாம்பு போன் வெளிச்சத்தில் அட்டையை மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்தான். "மச்சான், கோவிச்சுக்காத. மூணும் உங்கப்பா போட்டது இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் லீவ் லெட்டர்ல அவரு கையெழுத்தை மூணு தடவை நான்தானே போட்டேன். கடைசிக் கோட்டை மேல இழுப்பாரு. இதுல கீழ இறங்குது பாரு. போட்டவன் நல்ல மனுஷன், ஆனா தொழில் சுத்தம் பத்தாது."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கோபம் வந்தது. இறந்தவர் மேல் கோபப்படுவதில் ஒரு சிக்கல், எதிர்ப் பக்கத்திலிருந்து யாரும் குரலை உயர்த்துவதில்லை. தன் பெயரில் இன்னொருவனைக் கையெழுத்துப் போட விட்டு, கீழே உட்கார்ந்திருந்த மனிதர், நான் போட்ட ஒரே ஒரு கையெழுத்துக்காக நாற்பத்து மூன்று நாள் என் டீயை அம்மா வழியாகக் குடித்திருக்கிறார்.

"இப்ப உனக்கு என்னதான்டா வேணும்?" என்றான் ஸ்டாம்பு.

"எங்கப்பா என்கிட்ட நடிச்சாரா இல்லையான்னு தெரியணும்."

"தெரிஞ்சா?"

"ஒண்ணும் இல்ல. தெரியணும்."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வளைவு வந்துவிட்டது.

இரண்டாவது ஊரிலும் கோடு கீழே இறங்கியிருந்தது. மூன்றாவதில் பெண் மேலாளர் எங்களை நம்பாமல் ஏணியின் அடியில் நின்று கடைசிவரை போனில் வீடியோ எடுத்தார். அங்கேயும் கீழே. நான்காவதில் நான் அட்டையைப் பார்க்கவே இல்லை. ஸ்டாம்பு பார்த்துவிட்டு வந்து, கேட்பதற்கு முன்பே, "அதே ஆளு" என்றான்.

ஐந்தாவது ஊர் ஏழு மணி நேரம். எட்டு மாடி அலுவலகக் கட்டடம். போன நேரம் லிஃப்ட் வாசலில் ‘சர்வீஸ் நடக்கிறது’ பலகை. ஸ்டூலில் ஒரு புது ஆள் பல் குத்திக்கொண்டிருந்தார். எட்டு மாடியும் படியில் ஏறினோம். மெஷின் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே கிரீஸ் மாமா, பழந்துணியில் கை துடைத்துக்கொண்டு.

"தம்பி! நீ எங்க இங்க?" என்று என் தோளில் கை வைத்தார். சட்டை போயிற்று. முதுகுவலி என்று செப்டம்பரிலிருந்து லீவாம். அன்றுதான் முதல் நாள் வேலைக்கு வந்திருந்தார்.

சாவியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பேசிக்கொண்டே என் கண் அட்டைக்குப் போனது. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். நவம்பர் மை இன்னும் காயவில்லை.

"மாமா, இன்னிக்குத் தேதியில அப்பா கையெழுத்து இருக்கு."

அவர் திரும்பி அட்டையைப் பார்த்தார். முகத்தில் என்ன நடந்தது என்று தெரியவில்லை, கிரீஸ் அதிகம். அப்படியே டூல் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"கை போட்டுருச்சு தம்பி. நான் போடலை. கை போட்டுருச்சு."

"எத்தனை தடவை போட்ட கை மாமா அது?"

அவர் மறைக்கவில்லை. கீழ் வேலை என்று கம்பெனியில் ஒன்று கிடையவே கிடையாதாம். ஏணி ஏறாத சீனியரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "எனக்காக அவரு பத்து வருஷம் மேல ஏறியிருக்காரு. நான் ஒரு வருஷம் ஏறினா தேய்ஞ்சா போயிடுவேன்? நான்தான் வற்புறுத்துனேன். அரை மனசா ஒத்துக்கிட்டாரு."

ஆக, நடித்திருக்கிறார். தெரிந்துவிட்டது. ஏழு மணி நேரப் பயணத்துக்கு இவ்வளவுதான் என்று நான் ரசீதை எடுத்தேன்.

"டேய், இரு" என்றான் ஸ்டாம்பு. அவன் மூக்கு அட்டையில் இருந்தது. "மூணாவது வரி. ஆகஸ்ட் பதினொண்ணு. இது ஒரிஜினல்."

"சரியாப் பாரு."

"கை நடுங்கியிருக்கு. ஆனா கோடு மேல போகுதுடா."

கிரீஸ் மாமா தலையை ஆட்டினார். "உன் காலேஜுக்கு வந்துட்டுப் போனாரு இல்ல, மறுநாளே என்கிட்ட வந்து, இனிமே என் பேர்ல போடாதேன்னாரு. ஏண்ணே, என்னாச்சுன்னேன். பையனைத் திட்டிட்டேன்டா, இனிமே நான் ஏறித்தான் ஆகணும்னாரு. ஒவ்வொரு படியா, நின்னு நின்னு ஏறுவாரு. நான் பின்னாடியே கையை விரிச்சுக்கிட்டு ஏறுவேன். ஒரு மெஷின் ரூமுக்கு முக்கால் மணி நேரம். கீழ ஸ்டூல்ல ஆள் இல்லாம வாட்ச்மேனை உக்கார வெச்சோம்."

நான் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அப்போ என்னாலதான் ஏறினாரா?"

"ஏணியில போயிருந்தா நீ இதைக் கேக்கலாம். ஷூ போடுறப்பதானே போனாரு? ஜனவரியிலேயே டாக்டர் ஆறு மாசம்னு சொல்லிட்டாரு, உங்களுக்குத் தெரியாது. அவரு எட்டு மாசம் ஓட்டினாரு." மூக்கைத் துடைத்தார். மூக்கும் கறுப்பானது. "உன்னைப் பத்திப் பேசாத நாள் கிடையாது. என் பையன் டீ நல்லாப் போடுவான், கையெழுத்துதான் மட்டம்பாரு."

ஸ்டாம்பு மோட்டாரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

தவறாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்பதும் அட்டையின் விதி. கிரீஸ் மாமா நவம்பர் வரியை அடித்தார். பிறகு பேனாவை அட்டைக்கு மேல் நிறுத்திக்கொண்டே இருந்தார். தன் கையெழுத்துப் போட்டு நாளாகிவிட்டதாம். பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, மூன்றாவதாக அட்டையில் போட்டார்.

"மாமா, உங்களுது ரொம்ப ஈஸி" என்றான் ஸ்டாம்பு. "ஒரே தடவைல போட்டுருவேன்."

"போட்டா கையை உடைப்பேன்" என்றார் மாமா.

கீழே மேலாளர் வெளியே போயிருந்தார், வர மூன்று மணி ஆகும் என்றார்கள். ஸ்டாம்பு ரசீதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பேனாவைச் சட்டைப் பைக்குள் திரும்பச் செருகிக்கொண்டான். படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று மணி வரை இருந்தோம். மேலாளர் வந்து ‘ஆம்’ என்பதை வட்டமிட்டார்.

மறுநாள் காலை வீட்டில் நான் எழுந்து டீ போட்டேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை உள்ளே எட்டிப் பார்த்தார். ஐந்து ரசீதுகளையும் காட்டி, ஆகஸ்ட் பதினொன்றைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் சொன்ன ஆறு மாதத்தைச் சொல்லவில்லை. இந்தத் தாளைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார், ஏனென்றால் படிவத்தின் கடைசியில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று ஓர் இடம் இருக்கிறது.

அந்த இடத்தை ஸ்டாம்பு இப்போது கண்ணை மூடிக்கொண்டே நிரப்புவான், கோடு மேலேதான் போகும். போடட்டுமா என்று அவன் கேட்கவும் இல்லை. அம்மா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.